சங்கத்தில் சேரலாமா என்று கேட்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கு

படிப்பை முடித்து உரிமம் வாங்கியவுடன் இளம் பிசியோதெரபிஸ்டுகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சங்கத்தில் சேர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?" இதைக் கேட்டதும் மூத்தவர்கள் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. தொழில்மீது பற்றில்லாத தலைமுறை என்று பிரசங்கம் ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் குற்றம் எதுவும் தெரியவில்லை. கல்விக்கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், ஆண்டுதோறும் சந்தா கேட்கும் அமைப்பிடம் கணக்குக் கேட்கத்தான் செய்வார்.

எனக்கு எரிச்சல் வருவதெல்லாம் சங்கங்கள் தங்கள் துண்டறிக்கைகளில் அதற்குச் சொல்லும் பதிலைப் படிக்கும்போதுதான். விடுதி அறைக்குத் தள்ளுபடி, வாடகைக் காருக்குத் தள்ளுபடி, மாநாட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி. ஒரு தொழிலின் எல்லையையே வகுக்க வேண்டிய அமைப்பு தள்ளுபடி அட்டை விற்றுக்கொண்டிருந்தால், வருகிறவரும் தள்ளுபடியைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, கட்டுப்படியாகவில்லை என்று போய்விடுவார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

சங்கத்தைத் திட்டுகிறவர்களிடமும் ஒரு குழப்பம் இருக்கிறது. உரிமம் தரும் கவுன்சில் வேறு, தொழிற்சங்கம் வேறு, தொழில்முறைச் சங்கம் வேறு. கவுன்சில் இருப்பது நோயாளியைப் பாதுகாக்க. நம்மீது புகார் வந்தால் நம்மை விசாரிப்பதே அதுதான். சம்பளம், பணிநேரம், விடுப்பு பற்றி நிர்வாகத்தோடு பேசுவது தொழிற்சங்கத்தின் வேலை. நாம் என்னென்ன சிகிச்சை செய்யலாம், யார் நம்மிடம் நேரடியாக வரலாம், எவ்வளவு படித்தால் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதையெல்லாம் அரசிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் வாதாடுவது தொழில்முறைச் சங்கம். பிரிட்டனின் சார்ட்டர்டு சொசைட்டி ஆஃப் பிசியோதெரபி போலத் தொழிற்சங்கமாகவும் இயங்கும் அமைப்புகள் உண்டு. அமெரிக்கன் பிசிகல் தெரபி அசோசியேஷன் அப்படிப்பட்டதன்று. "என் சம்பளத்துக்குச் சங்கம் என்ன செய்தது?" என்று கேட்பதற்கு முன்னால், நம் சங்கம் எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது.

அதற்காகச் சங்கத்தின்மீது குற்றமே இல்லை என்று விட்டுவிடவும் மனமில்லை. சம்பளம் பற்றி அது வாய் திறக்காததற்கு விதிகள் மட்டுமா காரணம்? கிளினிக் நடத்தும் முதலாளியும் அந்தக் கிளினிக்கில் வேலை பார்க்கும் பிசியோவும் ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள். செயற்குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் இருக்கும் சங்கத்தில் கல்லூரி முதல்வர்களும் கிளினிக் உரிமையாளர்களுமே அதிகம். தேர்தல் பெரும்பாலும் போட்டியின்றி முடிந்துவிடும். ஷிஃப்ட் முடித்து வரும் வார்டு பிசியோவால் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று குறைபட்டுக்கொள்வதும் நடக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு நானே ஏன் சந்தா கட்டுகிறேன் என்றால், நான் தினமும் செய்யும் வேலையின் வரலாறு அப்படி.

1894இல் லண்டனில், மசாஜ் என்ற பெயரில் நடந்த முறைகேடுகள் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்தன. நேர்மையாகத் தொழில் செய்த பெண்களின் பெயரும் சேர்ந்து கெட்டது. அப்போது நான்கு செவிலியர்கள் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மருத்துவரின் வழிகாட்டுதல் இல்லாமல் சிகிச்சை செய்யக்கூடாது, மருத்துவ இதழ்களைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யக்கூடாது, நோயாளிக்கு மருந்து விற்கக்கூடாது என்று தங்களுக்குத் தாங்களே கடுமையான விதிகளைப் போட்டுக்கொண்டார்கள். 1920இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. இன்றைய சார்ட்டர்டு சொசைட்டி அதுவேதான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில், முதல் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்த பெண்கள் சேர்ந்து தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். மேரி மெக்மில்லன் அதன் முதல் தலைவர்.

மருத்துவர் அனுப்பினால்தான் நோயாளியைத் தொடுவோம் என்று சங்கமே விதித்துக்கொண்ட அந்தக் கட்டுப்பாடு, தொழிலுக்கு மரியாதை தேடிக்கொடுத்தது. பிறகு அதே கட்டுப்பாடு கழுத்தை இறுக்கியபோது அவிழ்த்ததும் சங்கங்கள்தான். ஆஸ்திரேலியச் சங்கம் 1976இல் மருத்துவரின் பரிந்துரை கட்டாயம் என்ற விதியைத் தன் நெறிமுறையிலிருந்து நீக்கியது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம், மருத்துவர் அனுப்பாமலே நோயாளி பிசியோவிடம் வரலாம் என்ற நேரடி அனுமதியை 1957லேயே கொடுத்துவிட்டது. எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் அது கிடைக்க 2015 வரை ஆனது. மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றப் படியேறி, மருத்துவர் அமைப்புகளின் எதிர்ப்பைச் சமாளித்து, தோற்று, மறுபடி வரைவு எழுதி வாங்கியது அது. இதைத் தனியொரு பிசியோ தன் கிளினிக் வேலைக்கு இடையே செய்திருக்க முடியாது. அதே நாட்டில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் பிசியோதெரபிச் செலவுக்கு 1997இல் சட்டம் போட்டு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். அது ரத்தானது 2018இல். நடுவில் எத்தனை நாடாளுமன்றங்கள் மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிரிட்டனில் அதற்கெனக் கூடுதல் பயிற்சி பெற்ற பிசியோக்கள் தாங்களே மருந்து எழுதும் உரிமையைப் பெற்றது 2013இல்.

இப்போது அந்தத் துண்டறிக்கைக்குத் திரும்பி வருகிறேன். இந்தப் பெரிய வேலைகளின் பலன் சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே அளவில்தான் போய்ச் சேர்கிறது. கழுத்துவலியோடு நேரே உங்கள் அறைக்கு வரும் நோயாளி, நீங்கள் உறுப்பினரா என்று கேட்டுவிட்டு வருவதில்லை. உச்சவரம்பு நீங்கியபோது உறுப்பினர் அல்லாதவரின் நோயாளிக்கும் நீங்கியது. சந்தா கட்டாதவருக்குக் கொடுக்க மறுக்க முடியாத நன்மையை எப்படி விற்பது? அதனால்தான் மறுக்கக்கூடிய சின்னச் சலுகைகளைச் சங்கம் விளம்பரம் செய்கிறது. "எனக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில், "கிடைக்க வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது, அதற்கான செலவில் உங்கள் பங்கைத்தான் கேட்கிறோம்" என்பது. இதைச் சொல்லும் துணிச்சல் எந்தச் செயலாளருக்கும் வருவதாகத் தெரியவில்லை.

ஆனால் நன்றிக்கடனாகச் சேருங்கள் என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1894இல் உழைத்தவர்களுக்கான நன்றியை இன்றைய செயற்குழு வசூல் செய்துகொள்ள முடியாது. இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ஒரு சங்கத்தை எடைபோட நான் பார்ப்பது, தன் உறுப்பினர்களுக்குப் பிடிக்காத ஒன்றை அது எப்போதாவது சொல்லியிருக்கிறதா என்பதை. அமெரிக்கச் சங்கம் 2014இல், தேவையற்ற சிகிச்சைகளைத் தவிர்க்கச் சொல்லும் 'சூசிங் வைஸ்லி' பிரசாரத்தில் சேர்ந்து, பிசியோக்கள் கேள்வி கேட்காமல் செய்யக்கூடாத 5 விஷயங்களைப் பட்டியலிட்டது. நோயாளி தானாக அசைந்து செய்யும் பயிற்சிக்கு உதவினால் ஒழிய, வெப்ப ஒத்தடம் போன்ற சிகிச்சைகளை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள் என்பது முதலாவது. முதியவர்களுக்குப் பெயரளவில் குறைந்த எடையைக் கொடுத்து வலுவூட்டும் பயிற்சி என்று சொல்லாதீர்கள் என்பது இன்னொன்று. சிக்கலில்லாத முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரத்தை வழக்கமாகப் போடாதீர்கள் என்றும் சொன்னது. நம் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் கனம் புரியும். ஒத்தடம், மின்தூண்டல், அல்ட்ராசவுண்டு என்று வரிசையாக இயந்திரத்தைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதில்தான் பல இடங்களில் வருமானமே ஓடுகிறது. அந்த வருமானத்தில் கை வைக்கும் பட்டியலை உறுப்பினர் சந்தாவில் நடக்கும் அமைப்பே வெளியிட்டது. அப்படிப்பட்ட சங்கத்துக்கு நான் தயங்காமல் பணம் கட்டுவேன். மாநாட்டு மண்டபம் முழுக்க இயந்திர விற்பனையாளர்களின் கடைகளை நிரப்பிவிட்டு, வாரக்கடைசிச் சான்றிதழ் வகுப்புகளுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தொடர்கல்விப் புள்ளிகள் தரும் சங்கத்தைக் கண்டால் கொஞ்சம் விலகியே நிற்பேன்.

ஆய்விதழ் வரும் என்பதற்காகச் சேர்ந்த காலம் போய்விட்டது. பிசியோதெரபி ஆய்வுகளைத் தொகுத்துத் தரும், சிட்னியிலிருந்து 1999 முதல் இயங்கும் பெட்ரோ தரவுத்தளம் எல்லோருக்கும் இலவசம். ஆஸ்திரேலியச் சங்கத்தின் ஆய்விதழையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். காப்பீடு விஷயம் வேறு. பிரிட்டனைப் போலச் சில நாடுகளில் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு உறுப்பினர் சந்தாவோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் மருத்துவமனையின் காப்பீடு, மாலையில் நீங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நோயாளிக்கும் வாரக்கடைசியில் விளையாட்டு அணிக்குச் செய்யும் வேலைக்கும் பொருந்துமா என்று விசாரியுங்கள். பொருந்தாது என்றால் அந்த ஒரு காரணமே சந்தாவை நியாயப்படுத்திவிடும்.

தனியாகக் கிளினிக் நடத்துபவர்களுக்கும் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை செய்பவர்களுக்கும் இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கும் சக பிசியோ யாருமே இல்லை. பெரிய மாநாட்டை விடுங்கள், சங்கத்தின் கிளைக் கூட்டத்துக்கோ சிறப்புத் துணைக்குழுவுக்கோ போய்ப் பாருங்கள். தலைசுற்றல் நோயாளிகளைப் படுக்கவைத்துத் தலையைப் படிப்படியாகத் திருப்பும் எப்லி முறையை நான் கைவரச் செய்துகொண்டது அப்படியொரு துணைக்குழுவில்தான். எவரையெல்லாம் படுக்க வைத்துத் தலையைத் திருப்பக்கூடாது என்று அங்கே ஓர் அம்மையார் சொல்லிக்கொடுத்தது இன்றும் தினசரி உதவுகிறது.

சேருவதற்கு முன் வரவுசெலவுக் கணக்கைக் கேளுங்கள். கடந்த ஓராண்டில் அரசுக்கோ காப்பீட்டு நிறுவனங்களுக்கோ சங்கம் எழுதிக்கொடுத்த மனுக்கள் என்னென்ன என்று கேளுங்கள். 1951இல் தொடங்கிய உலக அமைப்பில், இன்றைய பெயரில் வேர்ல்டு பிசியோதெரபியில், நாட்டுக்கு ஒரு சங்கம்தான் உறுப்பினராக இருக்க முடியும். உங்களிடம் விண்ணப்பம் நீட்டுவது அந்தச் சங்கமா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ஏன் என்று கேட்டு, சொல்லும் காரணம் உங்களுக்கு ஒப்புதலா என்று யோசியுங்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு என் பதில், சேருங்கள் என்பதே. ஒரேயொரு நிபந்தனை, ஆயுள் சந்தா மட்டும் கட்டாதீர்கள். மொத்தமாகப் பணம் வாங்கிவிட்ட சங்கத்துக்கு அப்புறம் உங்களைத் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. வருடாவருடம் புதுப்பிக்கும் உறுப்பினருக்கு வருடாவருடம் ஒரு வாக்கு கூடுதலாக இருக்கிறது. பிடிக்காமல் விலகினாலும் சத்தமில்லாமல் விலகாதீர்கள். ஏன் புதுப்பிக்கவில்லை என்று இரண்டு வரி எழுதிச் செயலாளருக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கடிதத்தைப் பொதுக்குழுவில் வாசிக்கச் சொல்லி இன்னும் உள்ளே இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.