சிற்பியையும் கவனிக்க வேண்டும்

ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் ‘ஓசிமாண்டியாஸ்’ கவிதை பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் ஓசிமாண்டியாஸ் மன்னனின் ஆணவத்தைக் காலம் அழித்துவிட்டது என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கவிதையில் முக்கியமான ஆள் சிற்பிதான். பாலைவனத்தில் உடம்பில்லாத இரண்டு கால்கள் நிற்கின்றன. பக்கத்திலேயே மணலில் பாதி புதைந்த உடைந்த முகம். சுளித்த புருவம், சுருங்கிய உதடு, ஆணையிட்டே பழகியவனின் ஏளனம் எல்லாம் அந்தக் கல்லில் அப்படியே இருக்கின்றன. தன் பெருமைக்காக மன்னன் எழுப்பிய சிலையிலேயே அவன் குணத்தைச் சிற்பி பதித்து வைத்துவிட்டான். எவ்வளவு துணிச்சல்!

இன்னொன்று, கவிஞர் எதையும் நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை. பயணி ஒருவர் சொன்னதைத்தான் சொல்கிறார். ‘வல்லவர்களே, என் படைப்புகளைப் பார்த்து நம்பிக்கை இழந்துவிடுங்கள்’ என்ற மன்னனின் முழக்கம் கல்வெட்டு, பயணி, கவிஞர் என்று கைமாறித்தான் நம்மிடம் வருகிறது. இதையெல்லாம் 14 வரிக்குள் செய்திருக்கிறார்.

அப்புறம் ஒரு திருத்தம். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள எகிப்து மன்னன் இரண்டாம் ராம்செஸின் (ஓசிமாண்டியாஸ் என்பது அவனுடைய கிரேக்கப் பெயர்) சிலையைப் பார்த்து எழுதியது என்கிறீர்கள். கவிதை 1818 ஜனவரியில் ‘எக்ஸாமினர்’ இதழில் வந்துவிட்டது. சிலை லண்டனுக்கு வந்தது அதற்குப் பிறகு. அந்தச் சிலையின் முகமும் சாந்தமானது, ஏளனமே கிடையாது.

ஷெல்லியோடு போட்டி போட்டு அவர் நண்பர் ஹொரேஸ் ஸ்மித் இதே பொருளில் எழுதிய கவிதையில் லண்டனே பாழடைந்து கிடக்கும். அதைப் பற்றியும் எழுதுங்கள்.