நடுநிலையான நகைச்சுவை வேண்டுமாம்!

அரசியல் நையாண்டி எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்கிறதாம். எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். சொல்பவருக்கு எந்தக் கட்சி பிடிக்காதோ அந்தப் பக்கம். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடிக்க எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் செயற்குழுவைக் கூட்டியது. டீ, பிஸ்கெட் செலவு சங்கக் கணக்கில்.

பொங்கல் விழாவுக்கு நாடகம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டது அவர்கள்தான். "கொஞ்சம் அரசியல் நையாண்டியாக இருந்தால் கலகலப்பாக இருக்கும் சார்" என்றதும் அவர்கள்தான். எழுதினேன். ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர் ஒருவர் எங்கள் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார். எங்கள் லிஃப்டில் ஒருமுறையாவது ஏறியவர்களுக்கு இதில் கற்பனையே இல்லை என்பது தெரியும். வெளியே காவலாளி. "கதவைத் திறந்துவிடப்பா, உன்னை வாரியத் தலைவராக்குகிறேன்" என்று வேட்பாளர் கெஞ்ச, "போன தேர்தலில் நீங்கள் அடிக்கல் நாட்டிய லிஃப்ட் ஐயா இது, அதனால்தான் அடியிலேயே நிற்கிறது" என்கிறார் காவலாளி. கட்சிப் பெயர் கிடையாது, கொடி கிடையாது, சின்னம் கிடையாது. இதில் யார் என்ன குறை சொல்லிவிட முடியும் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

வேட்பாளர் என்ன உடுத்தியிருப்பார் என்று கேட்டார் செயலாளர்.

வேட்டி என்றேன். வேட்டிக்கு என்ன கரை என்றார். கறுப்பு சிவப்பு என்றால் ஒரு கட்சி. நடுவில் வெள்ளைக் கோடு ஓடினால் இன்னொரு கட்சி. காவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சரி, பச்சைக் கரை என்றேன். அது விவசாயிகளைக் கேலி செய்வதாகும் என்றார் பொருளாளர். அவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. வயலை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கரையே வேண்டாம், வெறும் வெள்ளை வேட்டி என்றேன். மூலையில் இருந்த பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "காமராஜரையா கிண்டல் செய்கிறீர்கள்?" நான் காமராஜரைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை ஐயா! அந்த வேட்டியில் இருந்தது நூல் மட்டும்தான்!

பேன்ட், சட்டை போட்டுவிடலாம் என்றேன். புதிதாகக் கட்சி தொடங்கிய நடிகரைத்தானே குறிவைக்கிறீர்கள் என்று பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் எழுந்துவிட்டான். இவ்வளவு நேரம் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன். வேட்பாளரைப் பெண்ணாக்கிவிடுங்கள் என்று ஒரு சமரசத் திட்டம் வந்தது. சேலை என்ன நிறம் என்று யாரோ தொடங்கியதும், "பச்சை கூடாது!" என்று அறை முழுக்க ஒரே குரல். அன்றைய கூட்டத்தில் அவர்கள் ஒற்றுமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

கடைசியில், வேட்பாளர் கண்ணுக்கே தெரிய வேண்டாம், லிஃப்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வரட்டும் என்று முடிவானது. குரல் எப்படி இருக்கும்? கரகரப்பாக இருக்கக் கூடாது. ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுக்குமொழி கூடாது. தழுதழுக்கக் கூடாது. "நண்பர்களே" கூடாது. இந்தி வாடை கூடாது, ஆங்கிலமும் கூடாது. இப்படி வெட்டி வெட்டி என் நாடகத்தில் மிஞ்சியது, மேடையில் ஒரு மூடிய அட்டைப்பெட்டி, உள்ளே வாய் திறக்காத ஒரு வேட்பாளர். யோசித்துப் பார்த்தால் வெற்றி பெற்ற பிறகு நம் உறுப்பினர்கள் பலர் இருக்கும் நிலை அதுதான். அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியையும் வெட்டியிருப்பார்கள்.

அடிக்கல் வசனம் வந்ததும் கூட்டம் இரண்டானது. "இது மதுரை எய்ம்ஸைத்தான் குறிக்கிறது" என்றார் மூன்றாம் மாடிக்காரர். 2019 ஜனவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார், 2021 தேர்தலில் உதயநிதி ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார், அந்தச் செங்கல்லைத்தான் நீங்கள் லிஃப்டுக்குள் வைத்திருக்கிறீர்கள் என்றார். எதிர்ப்புறத்தில் இருந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. அடிக்கல் நாட்டி அப்படியே விட்ட மாநில அரசுத் திட்டங்கள் எத்தனை என்று விரல்விட்டுத் தொடங்கினார். ஒருவர் என்னைத் திராவிடக் கைக்கூலி என்றார். இன்னொருவர் 'துக்ளக்' ஆசிரியர் சோவின் சீடன் என்றார். ஒரே வசனம்! ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் இரண்டு பக்கமும் சாய்ந்துவிட்டேன்.

பொருளாளர் நோட்டுப் புத்தகத்தில் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கத்துக்கு எத்தனை ஜோக், அந்தப் பக்கத்துக்கு எத்தனை ஜோக் என்று வரவு செலவு போட ஆரம்பித்தார். பராமரிப்புக் கட்டணக் கணக்கை இவ்வளவு கவனமாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அமெரிக்க மருமகன் உள்ள மாமா தொண்டையைச் செருமினார். "உலகம் முழுக்கவே நையாண்டி இடதுசாரிகள் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவைப் பாருங்கள்."

பார்ப்போம். தொலைக்காட்சி நையாண்டிக்காரர்களான ஜான் ஸ்டூவர்ட்டும் ஸ்டீஃபன் கோல்பேரும் வலதுசாரிக் குடியரசுக் கட்சியை இரவுதோறும் வறுத்தெடுத்தது உண்மை. அதற்குப் போட்டியாக ஃபாக்ஸ் நியூஸ் 2007இல் வலதுசாரி நையாண்டி நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கி, அதே ஆண்டில் மூட்டைகட்டியதும் உண்மை. உடனே "பார்த்தீர்களா, வலதுசாரிகளுக்குச் சிரிக்கவே வராது" என்று எழுதித் தள்ளினார்கள். பிறகு அதே தொலைக்காட்சியில் வலதுசாரி நையாண்டிக்காரர் கிரெக் கட்ஃபெல்ட் 2021 முதல் வாரநாள் இரவுகளில் வந்து முன்னணி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். எழுதித் தள்ளியவர்கள் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். அவரது நிகழ்ச்சி நையாண்டியே இல்லை, வெறுப்பு என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கோல்பேர் விஷயத்தில் இன்னும் பெரிய கூத்து உண்டு. வலதுசாரித் தொகுப்பாளர் வேடம் போட்டு வலதுசாரிகளையே கேலி செய்தார் அவர். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவரைப் பார்த்துச் சிரிப்பதில் இரு தரப்பும் சமம். ஆனால் பழமைவாதிகளில் பலர், இவர் கிண்டல் செய்வதுபோல் நடிக்கிறார், உள்ளுக்குள் நம் கருத்தைத்தான் சொல்கிறார் என்று நம்பினார்களாம். முதலாளியைத் திட்டினால் முதலாளியே கை தட்டுகிறார். இப்படிப்பட்ட பார்வையாளர்களை வைத்துக்கொண்டு நையாண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று எந்தத் தராசில் நிறுப்பது?

சொன்னேன். மாமா பிஸ்கெட்டை டீயில் நனைத்தபடி, "அது அமெரிக்கா, நம் ஊர் வேறு" என்றார். அமெரிக்காவைப் பார்க்கச் சொன்னவரே அவர்தான்!

சரி, நம் ஊருக்கே வருகிறேன். சோவின் 'முகமது பின் துக்ளக்' நாடகம் 1968இல் மேடை ஏறியது. 1970 பொங்கலுக்கு அவருடைய 'துக்ளக்' பத்திரிகை வந்தது; முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள். சோ திமுகவை அடித்தார், இந்திராவை அடித்தார், நெருக்கடி நிலை வந்ததும் அட்டையைக் கறுப்பாக்கினார். அதே மனிதர் 1996இல் திமுகவும் மூப்பனாரின் தமாகாவும் (தமிழ் மாநில காங்கிரஸ்) கைகோக்க நடையாய் நடந்தார். 1999இல் வாஜ்பாய் ஆட்சியில் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். அவருக்கு ஒரு சாய்வே இல்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. சாய்ந்துகொண்டே சிரிக்க வைத்தார். எதிர்த்திசையில் எம்.ஆர். ராதா. கடவுள், சாத்திரம், சடங்கு, பெரிய மனிதர் எதையும் விடவில்லை. அவருடைய ராமாயண நாடகத்துக்கு மிரண்டு, 1954இல் நாடகங்களுக்குக் கடிவாளம் போட ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். அவருக்கும் சாய்வு இருந்தது; அவர் அதை ஒளிக்கவே இல்லை. சோவுக்கு உருண்டு சிரித்த சபா ரசிகருக்கு ராதா ஆபாசம். ராதாவுக்கு விசிலடித்தவருக்குச் சோ விஷம். இரண்டு கொட்டகையும் நிரம்பித்தான் வழிந்தன. அடுத்த கொட்டகைக்குள் எட்டிப் பார்க்காதவர்கள்தான், அங்கே யாரும் சிரிப்பதில்லை என்று இங்கே வந்து சொல்கிறார்கள்.

நடுநிலை வேண்டுமென்றால் கைது செய்பவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். 1987இல், மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஓர் அட்டைப்பட ஜோக். அதற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் விட்டார்கள். வழக்குப் போட்டு ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார் அவர். அது அதிமுக ஆட்சி. 2012இல் மம்தாவைப் பற்றிய கார்ட்டூனை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக ஜாதவ்பூர் பேராசிரியர் ஒருவரைப் பிடித்தார்கள், அது திரிணமூல். அதே ஆண்டு மும்பையில் கார்ட்டூனிஸ்ட் அசீம் திரிவேதி மீது தேசத்துரோக வழக்கு; அங்கே காங்கிரஸ் கூட்டணி. 2015இல் மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடிய கோவன், 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பை வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா, மறுபடியும் அதிமுக. 2025 பிப்ரவரியில் டிரம்ப் அருகே மோடி கைவிலங்கோடு இருப்பதுபோல் ஒரு கார்ட்டூன் வந்ததும் விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது, படத்தை எடுத்த பிறகுதான் தளம் திரும்பியது. இது மத்தியில் பாஜக. திமுக எங்கே, ஏன் விட்டுவிட்டீர்கள் என்று இந்நேரம் ஒருவர் விரலை உயர்த்தியிருப்பார். 1971இல் 'முகமது பின் துக்ளக்' படமாகி வெளிவரத் திமுக ஆட்சியில் பட்ட பாட்டைச் சோ கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். போதுமா? பொருளாளரே, கோட்டின் இரண்டு பக்கமும் சரியா?

ஆட்சியில் இருப்பவரைத்தான் கேலி செய்ய முடியும். பதவியில் இல்லாதவரைக் கேலி செய்தால் அதற்குப் பெயர் வேறு. அதனால் ஆட்சி மாறும்போதெல்லாம் நேற்றுவரை "என்ன துணிச்சல்!" என்றவர் இன்று "என்ன தரக்குறைவு!" என்பார். கார்ட்டூனிஸ்ட் அதே மேசையில் அதே மையைத் தொட்டு வரைந்துகொண்டிருப்பார். இது புரிவதற்கு அரசியல் அறிவு வேண்டாம், பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று போதும்.

நாடகம் ரத்து. அதற்குப் பதிலாக இசை நாற்காலிப் போட்டி. நாற்காலிக்காக எல்லோரும் சுற்றிச் சுற்றி ஓடி, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி, பாட்டு நின்றதும் கிடைத்த இடத்தில் விழுவது. இதில் அரசியலே இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அங்கேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை சார், இருமல் என்றேன்.

வந்த எரிச்சலில் அடுப்பைப் பற்றவைக்க மனம் வரவில்லை. தெருமுனை ஹோட்டலில் இட்லி பார்சல் வாங்கினேன். இந்தச் சாம்பார் பாக்கெட்டுக்கு முடிச்சுப் போடும் மகானை நான் ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். நூலைச் சுற்றுகிறார், சுற்றுகிறார், கப்பலைக் கரையில் கட்டுவதுபோல் சுற்றிவிட்டு, நுனியை எங்கேயோ உள்ளே ஒளித்துவிடுகிறார். நகத்துக்கு வராது, பல்லுக்கு வராது. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினால் பாதிச் சாம்பார் சட்டையில், மீதி சுவரில். கெட்டிச் சட்னிக்கு மட்டும் தளர்வான முடிச்சு. அது வீடு வந்து சேர்வதற்குள் பைக்குள் கொட்டியிருக்கும். எதை இறுக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?