தேனீயை அதற்குள் ஓய்வுக்கு அனுப்ப வேண்டாம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரோபோபீ என்ற பூச்சி அளவுப் பறக்கும் ரோபோ இனி தேனீயின் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கொஞ்சம் பொறுங்கள். 2013-ல் அது கட்டுப்பாட்டோடு பறந்தபோது எடை வெறும் 80 மில்லிகிராம்தான். ஆனால் மின்சாரம் மெல்லிய கம்பி வழியாக வந்தது. கம்பியில்லாமல் பறக்க 2019 ஆகிவிட்டது. அதுவும் சூரியத் தகட்டைச் சுமந்துகொண்டு, வெயிலைவிட மூன்று மடங்கு பிரகாசமான விளக்குக்கு அடியில், சுமார் அரை நொடி! எங்கள் வீட்டு முருங்கைப் பூவுக்கு வரும் தேனீ காலை முழுக்க ஓய்வதில்லை. கேலி செய்யவில்லை. விரித்தால் எழுந்து நிற்குமே குழந்தைகள் புத்தகம், அதுபோலத் தட்டையான அடுக்குகளிலிருந்து மடித்து எழுப்பித்தான் இதைச் செய்கிறார்கள். அந்த வேலைப்பாட்டைப் பற்றிக் கட்டுரையில் இரண்டு வரி எழுதியிருக்கலாமே?