தத்தகாரத்தோடு நின்றுபோன மெட்டு

போன செவ்வாய்க்கிழமை நள்ளிரவு 1.40க்கு என் இசையமைப்பாளர் நண்பன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெட்டு அனுப்பினான். 48 நொடி. வரி கிடையாது, வார்த்தைக்குப் பதில் 'தன்னன்னா' என்று பாடும் தத்தகாரம் மட்டும், பின்னால் மின்விசிறிச் சத்தம், நடுவில் ஒரு இருமல், கடைசியில் "சரணத்துக்கு நாளைக்கு வர்றேன்டா, நீ பல்லவிய மட்டும் பாரு." காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன். ஏழு மணிக்கு போன் வந்தது. மாரடைப்பு. வயது 34.

ஊர் திருவாரூர்ப் பக்கம், அப்பா தவில்காரர். சாலிகிராமத்து அறையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் தவில் வாசிக்க அப்பா விரலில் மாட்டிய பழைய கூடுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தான். எந்த மெட்டையும் முதலில் மேசையில் தட்டித்தான் பார்ப்பான். ஐந்து ஐந்தாகத் தட்டும் கண்ட நடை என்றால் உயிர். வரி சிக்காமல் நான் முழித்தால், "தக தகிட, தக தகிடன்னு சொல்லிக்கிட்டே நடடா, வார்த்தை தானா வரும்" என்று ராத்திரியில் தெருவில் நடக்க விடுவான். வந்துவிடும், சத்தியமாக வந்துவிடும்.

ஒன்பது வருடம் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கணினியில் இசை கோக்கும் புரோகிராமிங் செய்தான். நீங்கள் ரசித்த சில பின்னணி இசையில் அவன் கை இருக்கிறது, டைட்டிலில் பெயர் இல்லை. இதை இப்போது பேச வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். இப்போது பேசாமல் எப்போது பேசுவது? 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, படத்துக்குப் போட்ட இசை தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்குப் பங்கு உண்டு, வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக் கொடுக்க முடியாது. பதிப்புரிமை இறந்த பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும். எல்லாம் சரி, பெயரே போடாத வேலைக்கு அவன் மனைவி எதைக் காட்டிக் கேட்பாள்? ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் சேருடா என்று எத்தனை முறை சொன்னேன், "முதல் படம் வரட்டும்" என்றான். ஆவணியில் பூஜை போடுவதாக இருந்தது.

அவன் கணினியில் நூற்றுக்கு மேல் மெட்டுகள் இருக்கின்றன. 'மழைக்கு', 'அப்பா தவில் 3', 'அம்மா ஊர்' என்று பெயர் வைத்திருக்கிறான். ஒரு காப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று தயவுசெய்து யாரும் அந்த வீட்டுப் படி ஏறாதீர்கள். பதினாறுகூட முடியவில்லை, அதற்குள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நெஞ்சு கொதிக்கிறது. அவனோடு வாசித்தவர்களே, அவன் அனுப்பிய ஆடியோ எது இருந்தாலும் தேதியோடு அப்படியே பத்திரமாக வையுங்கள். நாளைக்கு இது யார் மெட்டு என்று கேள்வி வந்தால் நம்மிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

ஊரில் எல்லாம் முடிந்த பிறகு அப்பா திண்ணையில் உட்கார்ந்து என் போனை வாங்கி அந்த 48 நொடியை நாலைந்து தடவை போட்டுக் கேட்டார். அழவில்லை. வலது கை விரல்கள் மட்டும் தொடையில் ஐந்து ஐந்தாகத் தட்டிக்கொண்டே இருந்தன. அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பல்லவி எழுதிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.