பத்திரம் எந்தத் தேதி?

(நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுச் சமையலறை. மாமா, பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். க்ரீன் கார்டு வாங்கி மகள் வீட்டோடு இருப்பவர், இப்போது அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறார். கேள்வி கேட்பது மாப்பிள்ளை.)

மாப்பிள்ளை: விடுதலைப் பிரகடனம் எப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டது, மாமா?

மாமா: 1776 ஜூலை 4. அது இருக்கட்டும், கையெழுத்து எப்போது போட்டார்கள்?

மாப்பிள்ளை: அதைக் கேட்க மாட்டார்கள்.

மாமா: நான் கேட்கிறேன். பத்திரம் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டவன் நான்.

மாப்பிள்ளை: காலனிகளின் பிரதிநிதிகள், மொத்தம் 56 பேர். பெரும்பாலானவர்கள் ஆகஸ்ட் 2ஆம் தேதி போட்டார்கள். சிலர் அதற்கும் அப்புறம்.

மாமா: பத்திரத்தில் இருக்கிற தேதி?

மாப்பிள்ளை: ஜூலை 4.

மாமா: முன்தேதி போட்ட பத்திரம்! எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தால் 56 பேரையும் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன். விடுதலை என்று முடிவெடுத்ததாவது நாலாம் தேதிதானே?

மாப்பிள்ளை: அது... ஜூலை 2. பிலடெல்பியாவில் ஓட்டெடுப்பு அன்றைக்குத்தான் நடந்தது. நாலாம் தேதி வாசகத்தைத் திருத்தி ஏற்றுக்கொண்டார்கள். பிற்பாடு இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் மூன்றாம் தேதியே மனைவிக்குக் கடிதம் எழுதிவிட்டார்: இனி வருஷா வருஷம் ஜூலை 2 அன்று விளையாட்டு, மணியோசை, துப்பாக்கி வெடி, சொக்கப்பனை, விளக்கு வெளிச்சம் என்று நாடே கொண்டாடும் என்று.

மாமா: வெடி வரைக்கும் சரியாகச் சொன்ன மனுஷர் தேதியில் கோட்டை விட்டுவிட்டாரே! சரி, எத்தனை ரூபாய் முத்திரைத்தாளில் எழுதினார்கள்?

மாப்பிள்ளை: பதப்படுத்திய தோலில் எழுதினார்கள். நேர்காணலில் முத்திரைத்தாள் என்று வாயைத் திறந்துவிடாதீர்கள் மாமா. பிரிட்டனோடு வந்த சண்டைக்குப் பிள்ளையார் சுழியே அதுதான். 1765இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரை வரி போட்டது. பாஸ்டனில் அந்த முத்திரையை விநியோகிக்க நியமித்தவரின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டு, வீட்டையும் அடித்து நொறுக்கினார்கள்.

மாமா: (நிமிர்ந்து உட்கார்ந்து) கவர்ன்மென்ட் உத்தியோகஸ்தர் வீட்டையா? அவர் என்ன செய்தார்?

மாப்பிள்ளை: வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மாமா: அடப்பாவமே. பென்ஷன்?

மாப்பிள்ளை: அடுத்த கேள்விக்குப் போகலாமா?

மாமா: இன்னும் இந்தத் தேதியே முடியவில்லை. ஆடம்ஸ் கடைசியில் ஜூலை 4ஐ ஒப்புக்கொண்டாரா?

மாப்பிள்ளை: 1826 ஜூலை 4 அன்றுதான் காலமானார். பிரகடனத்துக்குச் சரியாக ஐம்பதாவது ஆண்டு.

மாமா: தேதி அவரை விடவில்லை பாருங்கள்.

மாப்பிள்ளை: அவரை மட்டுமா? அதே நாள் மத்தியானம் வர்ஜீனியாவில் மூன்றாவது ஜனாதிபதி ஜெஃபர்சன் போனார். பிரகடனத்தை எழுதியவரே அவர்தான். ஆடம்ஸ் போனது சாயங்காலம், மாசசூசெட்ஸில். ‘தாமஸ் ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார்’ என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது என்பார்கள். ஜெஃபர்சன் போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

மாமா: யாராவது ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

மாப்பிள்ளை: தந்தியே வராத காலம், மாமா.

மாமா: இரண்டு பேரும் சிநேகிதர்களோ?

மாப்பிள்ளை: சிநேகிதர்கள்தான். 1800 ஜனாதிபதித் தேர்தலில் ஆடம்ஸை ஜெஃபர்சன் தோற்கடித்தார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. 1812இல் கடிதம் எழுதி ராசியானார்கள்.

மாமா: நம் பங்காளிகளாக இருந்தால் கோர்ட்டில் அல்லவா ராசியாகியிருப்பார்கள்?

மாப்பிள்ளை: ஐந்தாவது ஜனாதிபதி மன்ரோ, அவரும் ஜூலை 4. 1831, நியூயார்க்கில்.

மாமா: தேதி மூன்று பேருக்கும் ஒன்று, சரி. திதி? ஐந்து வருஷத்தில் திதி எங்கேயோ நகர்ந்திருக்கும். மன்ரோ வீட்டில் திவசம் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். நடுவில் நாலாமவர் ஒருவர் இருப்பாரே?

மாப்பிள்ளை: மேடிசன். அரசியல் சட்டத்தின் தந்தை. 1836 ஜூன் 28. இன்னும் ஆறு நாள்தான், மருந்து கொடுத்து நாலாம் தேதி வரை இழுத்துப் பார்க்கலாம் என்று சொன்னார்களாம். அவர் வேண்டாம் என்றுவிட்டாராம்.

மாமா: அவர்தான் சட்டம் தெரிந்தவர். தேதியைத் திருத்தச் சம்மதிக்கவில்லை பாருங்கள்!

மாப்பிள்ளை: செர்ரி எடுத்துக்கொள்ளுங்கள் மாமா. 1850 ஜூலை 4 அன்று ஜனாதிபதி டெய்லர் வாஷிங்டன் நினைவுத் தூண் விழாவில் வெயிலில் உட்கார்ந்துவிட்டு வந்து செர்ரியும் குளிர்ந்த பாலும் நிறையச் சாப்பிட்டாராம். வயிறு கெட்டு ஒன்பதாம் தேதி போய்விட்டார்.

மாமா: (கிண்ணத்தை நகர்த்தி) நீங்களே சாப்பிடுங்கள். இந்தத் தேதியில் யாருமே பிறக்கவில்லையா?

மாப்பிள்ளை: ஜனாதிபதிகளில் ஒரே ஒருவர், கூலிட்ஜ். 1872இல். அதிகம் பேசாத மனிதர் என்று பெயர்.

மாமா: அந்தத் தேதியில் பிறந்துவிட்டு வாயைத் திறப்பாரா? மாப்பிள்ளை, எனக்கு ஒரே கவலை. நேர்காணலை ஜூலை 4 அன்று வைத்துவிட்டால்?

மாப்பிள்ளை: அன்றைக்கு அரசு விடுமுறை, மாமா. அலுவலகமே திறக்காது.

மாமா: பார்த்தீர்களா, அவர்களுக்கும் பயம் இருக்கிறது.