ஐந்து வெள்ளி கேட்ட குற்றத்துக்கு

நம் ரப்பர் தோட்டத்துச் சனங்களின் பழைய படங்களை ஸ்கேன் பண்ணி வைத்திருக்கும் தளத்துக்குக் காசு கேட்டு, ஞாயிற்றுக்கிழமை இந்தக் குழுவில் நான் போட்ட கியூஆர் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள். அதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். "தோட்டத்துச் சனங்க படத்த வச்சுக் காசு பாக்குறானுங்க." அதற்கு 114 லைக். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்றைக்குப் பேசிவிடுகிறேன்.

கேட்டது மாதம் ஐந்து வெள்ளி. அதுவும் முடிந்தவர்கள் மட்டும். நம்மூர் ஒட்டுக்கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே.

காசு எங்கே போகிறது என்று கேட்டீர்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றை 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணிச் சுருக்காமல் வைத்தால் கிட்டத்தட்ட 26 எம்பி. நம்மிடம் இருப்பது 4,000 படங்களுக்கு மேல். நூறு ஜிபியைத் தாண்டிவிட்டது. ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று வேண்டும் என்று மூன்று பிரதி. சர்வர் வாடகை, தளத்தின் பெயருக்கு வருடக் கட்டணம், டிஸ்க் எல்லாம் சேர்த்தால் மாதம் 150 வெள்ளி. முப்பது பேர் ஐந்து வெள்ளி போட்டால் முடிந்தது. குழுவில் 6,000 பேர் இருக்கிறோம். மூன்று வருடமாக அந்த 150ஐ நாங்கள் நாலு பேர் பங்கு போட்டுக் கட்டினோம். அப்போது ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை.

"பேஸ்புக்லயே சும்மா போடலாமே?" போடலாம். அது படத்தை நசுக்கிவிடும். விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிட வரிசையாக நிற்கும் அறுபது பேரில் உங்கள் பாட்டி யார் என்று பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

"விளம்பரம் போடுங்க." ரப்பர் பால்வாளியோடு நிற்கிற கிழவிக்குப் பக்கத்தில் 'உடனடிக் கடன், ஆவணம் வேண்டாம்' என்று மின்னட்டுமா?

"ஒய்பியைப் போய்ப் பாருங்க." தொகுதி மக்கள் பிரதிநிதிதானே, பார்த்தால் கொடுப்பார். மேசை அகலத்துக்கு மாதிரிக் காசோலை அடித்துக்கொண்டு வந்து படமும் எடுப்பார்கள். அடுத்த தேர்தலில் ஆள் மாறினால் நம் தாத்தாமார் எந்தக் கட்சி?

"சங்கமாப் பதியுங்க." 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். நாங்கள் நாலு பேர், அதில் ஒருவருக்கு இப்போதுதான் கண் ஆபரேஷன். லைக் போட்ட 114 பேரில் மூன்று பேர் வருகிறீர்களா?

வரவு செலவு ஆறு மாதமாகப் போடவில்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ரசீதெல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கிறது, போடுகிறேன். அதையே பிடித்துத் தொங்க வேண்டாம்.

நம்மூர் சுங்கை சிப்புட் என்றால் வெளியாட்களுக்கு 1948 ஜூன் 16, எல்பில் தோட்டத்தில் மேனேஜரான வெள்ளைக்காரத் துரையைச் சுட்டதுதான் தெரியும். துரை பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவர் காலத்தில் அங்கே பால் வெட்டியவர்கள் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

எங்கள் அப்பாவும் பால் வெட்டியவர்தான். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், அப்போது மந்திரியாக இருந்த நம்மூர்க்காரர் துன் சம்பந்தன், தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார்கள். அப்பாவின் நாள் கூலி அதில் பாதிகூடக் கிடையாது. "போட்ட காசு திரும்பி வராது" என்று வேலை வாங்கும் தண்டல், லயத்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். அப்பா கட்டினார். அந்தப் பங்குச் சீட்டுதான் நான் முதன்முதலில் ஸ்கேன் பண்ணிய தாள். பொழுதுபோகாமல் ஆரம்பித்த வேலை, இங்கே வந்து நிற்கிறது.

"சம்பந்தனும் நீயும் ஒண்ணா?" என்று எழுத இந்நேரம் ஒருவர் தட்டிக்கொண்டிருப்பார். இல்லைங்க ஐயா. அவர் தோட்டம் வாங்கினார், நான் டிஸ்க் வாங்குகிறேன்.

கடைசியாக, "காசு பாக்குறானுங்க" என்று எழுதிய அண்ணனுக்கு. பெயர் சொல்ல மாட்டேன். போன வருடம் ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டீர்கள். அப்பா தவறிட்டார், வீட்டுல நல்ல படம் ஒண்ணுகூட இல்ல, காலையில அடிக்கணும்னு அழுதீர்கள். 1974 தீபாவளிப் பந்து விளையாட்டுப் படத்தில் மூன்றாவது வரிசையில் நின்றார் உங்கள் அப்பா. தேடி, வெட்டி, வெளிச்சம் கூட்டி அனுப்பும்போது மணி இரண்டு. பேஸ்புக் படமாக இருந்திருந்தால் அந்த முகம் தேறியிருக்காது. பெட்டிக்கு மேல் மாலை போட்டு வைத்தது அதைத்தான். கருமக்கிரியைக்கு வந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காசு கேட்டேனா அண்ணே? எப்படி மனசு வந்தது உங்களுக்கு?

கியூஆர் பதிவை எடுக்கப்போவதில்லை. இதுவரை பதினோரு பேர் ஐந்து ஐந்து வெள்ளி போட்டிருக்கிறார்கள். இன்னொருவர் ஐந்து காசு அனுப்பி, குறிப்பில் 'தே குடிச்சுக்குங்க' என்று எழுதியிருக்கிறார். யார் என்று பெயர் தெரிகிறது. 55 வெள்ளி 5 காசு என்று எழுதி வைத்திருக்கிறேன்.