சங்கம் இல்லாமலும் ஆட்டம் நிலைக்கும்
பதிவுபெற்ற சங்கமும் சந்தாவும் இல்லாத கிராம விளையாட்டு இங்கிலாந்தில் ஒரு தலைமுறைகூடத் தாங்காது என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. கிரிக்கெட்டுக்கு அது பொருந்தலாம். புல்தரையைப் பராமரிக்கவே பணம் வேண்டும். ஆனால் அவர் ஒரு ஈஸ்டர் திங்களன்று லெஸ்டர்ஷயரின் ஹாலட்டன் கிராமத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். பக்கத்து ஊரான மெட்போர்னுடன் 'பாட்டில் உதை' என்ற ஆட்டம் நடக்கும். பெயர்தான் பாட்டில், உண்மையில் மூன்று சிறு மரப்பீப்பாய்கள். இரண்டில் பீர், மூன்றாவது வெறும் கட்டை. சுமார் ஒரு மைல் இடைவெளியில் ஓடும் இரண்டு ஓடைகள்தான் எல்லை. தன் ஊர்ப் பக்க ஓடையைத் தாண்டிப் பீப்பாயைக் கொண்டுபோனால் வெற்றி. ஆள் கணக்குக் கிடையாது, சீருடை கிடையாது, வெளியூர்க்காரரும் புகுந்து தள்ளலாம். லெஸ்டரில் வசித்தபோது நான் பார்த்திருக்கிறேன்: பீப்பாய் கண்ணிலேயே படவில்லை, கும்பலின் மேல் வியர்வை ஆவிதான் கிளம்பியது, திடீரென்று மொத்தக் கும்பலும் புதர்வேலியோடு சாய, வேடிக்கை பார்த்தவர்கள் சிதறி ஓடினோம். 1790இல் பாதிரியார் இந்தக் கொண்டாட்டத்தையும் அன்று பங்கிடும் முயல்கறிப் பணியாரத்தையும் (மாவுக்குள் கறி வைத்துச் சுடும் 'பை') நிறுத்தப் பார்த்தபோது, பணியாரம் இல்லையேல் பாதிரியாரும் இல்லை என்று சுவரில் எழுதிப் பணியவைத்த ஊர் என்பார்கள். இத்தகைய கிராம ஆட்டங்களில் பெண்களுக்கு இடமே இல்லை என்று எழுதியிருக்கும் இன்னொரு வாசகர், தென் இங்கிலாந்தின் சசெக்ஸில் ஆடும், கிரிக்கெட் போன்ற ஸ்டூல்பால் ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும். கம்பத்தின் உச்சியில் அறைந்த சதுரப் பலகைதான் அதில் விக்கெட்; 19ஆம் நூற்றாண்டிலேயே கிராமத்துப் பெண்கள் அணி சேர்த்து ஆடிய ஆட்டம். அதற்குச் சங்கங்களும் லீக்குகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையாளர் வேண்டுமானால் அதைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளட்டும்.